மலை ஏறும்போது மட்டும் ஹீட் ஏறுகிறது, ஃபேன் கிளட்சை வீட்டிலேயே மாற்றலாமா?

நாமக்கல்வாசி:
அப்பா ஓட்டிய 2004 குவாலிஸ் இப்போது என் கையில். பைபாஸில் எவ்வளவு விரட்டினாலும் ஹீட் முள் பாதியைத் தாண்டுவதில்லை. ஆனால் கொல்லிமலை ஏறும்போது, அதுவும் ஏசி போட்டுக்கொண்டு இரண்டாவது கியரில் வளைவு வளைவாகப் போகும்போது, முள் சிவப்புக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. கூலன்ட் குறையவில்லை, தெர்மோஸ்டாட் புதுசு. விஸ்கஸ் ஃபேன், அதாவது ரேடியேட்டர் ஃபேனைப் பிடித்துச் சுற்றவைக்கும் கிளட்ச், போய்விட்டது, வெல்டு வைத்து நேராகச் சுற்ற விட்டால் செலவு மிச்சம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா அண்ணே, இல்லை புதுசு வாங்கி நானே மாட்டவா? பெல்ட் எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன்.

டீசல்காரன்:
தம்பி, வெல்டு மட்டும் வேண்டவே வேண்டாம். கிளட்சுக்குள் சிலிக்கோன் ஆயில் இருக்கிறது, முன்னால் சுருளாக ஒரு பட்டை தெரியும் பாருங்கள், ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானால் அது வால்வைத் திறந்துவிடும், அப்போதுதான் ஃபேன் இறுகிப் பிடித்து இழுக்கும், மற்ற நேரம் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றும். வெல்டு வைத்தால் எஞ்சின் போகும் வேகத்துக்கெல்லாம் ஃபேனும் போகும். டீசல் வீண், வாட்டர் பம்ப் பேரிங்குக்குச் சுமை, பழைய பிளாஸ்டிக் இறக்கை உடைந்து பறந்தால் ரேடியேட்டரும் காலி.

முதலில் சோதித்துவிடுங்கள். வண்டி நன்றாகச் சூடானதும் அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுண்டுங்கள். கனமாக நின்றால் நல்லது. தடையே இல்லாமல் பல சுற்று ஓடினால் அது போய்விட்டது. ஓடும் ஃபேனில் பேப்பரைச் சுருட்டி விட்டுப் பார்க்கச் சொல்வார்கள், அந்த வேலையே வேண்டாம்.

நாமக்கல்வாசி:
பார்த்தேன் அண்ணே, தாராளமாகச் சுற்றுகிறது. நடு மூடியைச் சுற்றிப் புழுதி ஒட்டிய கறுப்புப் பிசுக்கும் இருக்கிறது.

ஸ்பேனர்பெட்டி:
ஆயில் கசிந்துவிட்டது, சந்தேகமே இல்லை. இத்தனை வருஷம் உழைத்ததே பெரிசு. எஞ்சின் ஆறிய பிறகு பேட்டரி நெகடிவ்வைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். வாட்டர் பம்ப்போடு கிளட்சைப் பிடித்திருக்கும் நான்கு நட்டையும் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே இளக்கிவிட வேண்டும், பெல்ட்டைத் தளர்த்தினால் புல்லி கூடவே சுற்றி உயிரை வாங்கும். அப்புறம் பெல்ட்டைத் தளர்த்தி, ஃபேன் கவரின் போல்ட்டுகளைக் கழற்றி, ஃபேனையும் கவரையும் சேர்த்து மேலே தூக்குங்கள். அதற்கு முன் ரேடியேட்டர் மேல் ஒரு அட்டையைச் செருகிவிடுங்கள், இறக்கை நுனி பட்டாலே ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் (ஃபின்) மடங்கிவிடும்.

கழற்றியதும் பம்ப் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பம்ப்பையும் இப்போதே மாற்றுங்கள். இறக்கைகளின் அடியில் விரிசல் இருக்கிறதா என்றும் தடவிப் பார்க்கணும்.

டீசல்காரன்:
ஒன்று சேர்க்கிறேன். புது கிளட்சைப் படுக்கப் போடாமல், வண்டியில் நிற்கிற மாதிரியே நிமிர்த்தி வையுங்கள், இல்லையென்றால் ஆயில் கசியலாம். மாட்டி முதல் ஸ்டார்ட்டில் கொஞ்ச நேரம் காற்று இரைச்சல் பலமாகக் கேட்கும், ஆயில் பரவியதும் அடங்கிவிடும். அடங்கவே இல்லை என்றால் கடையில் கொடுத்து மாற்றி வாங்குங்கள்.