இன்ஹேலர் சொல்லிக்கொடுத்ததற்குத் தனி பில், கட்ட வேண்டுமா?

எடிசன்_புதுவரவு: வணக்கம். நியூஜெர்சிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மகனுக்கு மூச்சிரைப்பு என்று டாக்டரிடம் போனோம். இன்ஹேலரை ஸ்பேசரில் (மருந்தைப் பிடித்துவைக்கும் குழாய்) மாட்டி எப்படி இழுப்பது என்று நர்ஸ் காட்டினார். கோ-பே (நாம் கையிலிருந்து கட்டும் நிலையான தொகை) அன்றே கட்டியாகிவிட்டது. இப்போது 94664 என்று தனி வரி போட்டு பில் வந்திருக்கிறது. கட்டாவிட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமா? தூக்கமே இல்லை.

டல்லாஸ்_அண்ணன்: தங்கச்சி, ஊருக்குப் போனால் இன்ஹேலர் வாங்கி வந்துவிடுங்கள். எங்கள் முதல் குளிர்காலத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு எமர்ஜென்சிக்கு ஓடினோம். அந்த பில்லை அடைக்கவே அடுத்த கோடை வந்துவிட்டது.

ஓஹையோ_மீனா: உடனே கட்டிவிடுங்கள். கலெக்‌ஷனுக்குப் (கடன் வசூல் ஏஜென்சிக்கு) போனால் கிரெடிட் ஸ்கோர் (கடனைக் கட்டும் நம்பகத்துக்கான மதிப்பெண்) விழும்.

பே_ஏரியா_குமார்: கட்டவே கட்டாதீர்கள்! சென்னையில் எங்கள் டாக்டர் ஊதிக்காட்டச் சொல்லித் திருத்துவார், தனிக் காசு கிடையாது. இங்கே எதற்கெடுத்தாலும் ஒரு கோட் (பில்லில் போடும் சேவை எண்).

டல்லாஸ்_அண்ணன்: அதேதான். ஆம்புலன்ஸ் பில் கதை தெரியுமா?

பில்லிங்_அக்கா: அந்தக் கதை அப்புறம். நான் கிளினிக் பில்லிங்கில் இருக்கிறேன். பில் பாக்கிக்காக விசா போகாது. 500 டாலருக்குக் குறைந்த மருத்துவக் கடனை 2023 முதல் கிரெடிட் ரிப்போர்ட்டில் காட்டுவதில்லை. 94664 நிஜமான கோட்தான். இன்ஹேலர், நெபுலைசர் (மருந்தை ஆவிபோல் ஆக்கித் தரும் கருவி) பயன்படுத்தக் காட்டுவதற்கும், நோயாளி சரியாகச் செய்கிறாரா என்று பார்ப்பதற்கும். டாக்டரைப் பார்த்த கட்டணத்தின் கோடோடு மாடிஃபையர் 25 (அதே நாளில் டாக்டர் பார்த்தது தனிச் சேவை என்று காட்டும் குறி) சேர்க்காமல் அனுப்பினால் இன்சூரன்ஸ் பெரும்பாலும் தள்ளிவிடும். இன்சூரன்ஸ் அனுப்பும் இஓபி (அவர்கள் எதற்கு எவ்வளவு கட்டினார்கள், உங்கள் பங்கு எவ்வளவு என்ற விளக்கத் தாள்) வந்ததா? டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கட்டத் தொடங்கும் முன் வருஷத்துக்கு நீங்கள் கட்ட வேண்டிய தொகை) முடிந்ததா? அன்று நெபுலைசர் வைத்தார்களா?

எடிசன்_புதுவரவு: ஆமாம் அக்கா, முதலில் நெபுலைசர் வைத்தார்கள், சொல்ல விட்டுப்போச்சு. இஓபியில் அந்த வரிக்கு மட்டும் 'மறுப்பு' என்று இருக்கிறது.

பில்லிங்_அக்கா: அப்படியென்றால் இப்போது கட்டாதீர்கள். நெபுலைசர் சிகிச்சைக்கு 94640 போட்டிருப்பார்கள். ஒரே நாளில் இரண்டும் வந்தால் ஒன்றுக்குள் ஒன்று அடக்கம் என்று இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளும். கற்றுக்கொடுத்தது தனி வேலை என்று டாக்டரின் குறிப்பில் எழுதியிருந்தால்தான் மாடிஃபையர் 59 (இது தனிச் சேவை என்ற குறி) போட்டுத் திரும்ப அனுப்ப முடியும். பில்லிங் ஆபீசுக்குப் போன் செய்து, வரி வரியான பில் கேளுங்கள், இன்சூரன்ஸுக்குத் திருத்திய கிளெய்ம் (பணம் கேட்கும் விண்ணப்பம்) அனுப்பச் சொல்லுங்கள், அதுவரை கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். பேசியவர் பெயரையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் இன்-நெட்வொர்க்காக (உங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ளவராக) இருந்து, இஓபியில் உங்கள் பங்கு பூஜ்யம் என்று இருந்தால் அவர்கள் உங்களிடம் கேட்கக் கூடாது. மறுப்பு நீடித்தால் மேல்முறையீடு செய்யலாம்; அதற்குப் பொதுவாக மறுப்பு அறிவிப்பு வந்த நாளிலிருந்து 180 நாள் உண்டு.

ஒன்று மட்டும் கேளுங்கள்: பில்லுக்குப் பயந்து அடுத்த முறை சொல்லிக்கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். தவறாக இழுத்தால் மருந்தில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும், பிள்ளையின் நுரையீரலுக்குச் சரியாகப் போகாது.