நாமக்கல் பக்கம் குரோமைட் நிலம்: பங்கு போடலாமா?

கோத்தகிரி பச்சைத்தேயிலை:
தேயிலை விலையை நம்பிப் பிரயோஜனமில்லை என்று தோட்டத்தில் கொஞ்சம் விற்றுவிட்டேன். இப்போது ஒரு தரகர், சித்தம்பூண்டி பக்கம் குரோமைட் (எஃகில் சேர்க்கும் குரோமியத்தின் தாது) இருக்கும் பட்டா நிலத்தில் பங்கு சேரச் சொல்கிறார். கறுப்புக் கல் ஒன்றும் லேப் ரிப்போர்ட்டும் தந்தார். குரோமியம் ஆக்சைடு 30 சதவீதம். "ஒடிசாவில் டன் என்ன விலை தெரியுமா?" என்கிறார். இறங்கலாமா?

குன்னூர் பாறைக்காரர்:
தம்பி, நான் ஒடிசாவில், சுகிந்தா குரோமைட் சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். ஒடிசா விலை ஒடிசா தாதுவுக்கு. நாட்டின் குரோமைட்டில் 90 சதவீதத்துக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

ரிப்போர்ட்டில் இரும்புக்கு என்ன போட்டிருக்கிறது? உருக்காலைக்காரன் முதலில் அதைத்தான் பார்ப்பான். நல்ல தாது என்றால் ஆக்சைடு 48 சதவீதம், குரோமியம் இரும்பைப் போல் மூன்று மடங்கு. தென்னாப்பிரிக்காவில் ஒன்றரை மடங்கு தாதுவும் ஓடுகிறது. ஆனால் அங்கே தாதுப் படுகை கிலோமீட்டர் கணக்கில் நீள்கிறது, சில அடுக்குகளில் பிளாட்டினமும் உண்டு. சித்தம்பூண்டியில் இரும்பும் அலுமினியமும் அதிகம், அடுக்குகளும் மெலிசு. வெட்டும்போது சுற்றியுள்ள வெள்ளைப் பாறையும் சேர்ந்து வரும், 30 நிற்காது. (சந்திரயான் 2 சோதனைக்கு நிலா மண் செய்தது அந்தப் பாறையில்தான். அதற்கு அருமையான கல்!)

டைல்ஸின் பின்பக்கம், பளபளப்பில்லாத இடத்தில் கல்லைத் தேய்த்துப் பாருங்கள். கோடு பழுப்பாக விழுந்தால் குரோமைட், கறுப்பாக விழுந்தால் காந்தக்கல்.

கோத்தகிரி பச்சைத்தேயிலை:
பழுப்புதான் சார்! ஆனால் ரிப்போர்ட்டில் இரும்பே இல்லை, ஒரே வரிதான். வெள்ளிக்கிழமைக்குள் டோக்கன் அட்வான்ஸ் கேட்கிறார்.

தேவாலாக்காரன்:
எங்கள் ஊரில் 1880 வாக்கில் தங்கம் என்று லண்டனில் கம்பெனி கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். தங்கம் இருந்தது, இன்னும் இருக்கிறது. செலவுக்குக் கட்டுகிற அளவு இல்லை. சில வருடத்தில் எல்லாம் மூடியாச்சு.

குன்னூர் பாறைக்காரர்:
கல் நிஜம், சரி. அதைப் பொறுக்கியது யார், எந்த இடத்தில்? துளை போட்டார்களா, அடுக்கு எத்தனை அடி கனம், எந்தப் பக்கம் சாய்கிறது? பட்டா இருந்தால் மட்டும் தோண்ட முடியாது. சுரங்கச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு குரோமைட் குத்தகை ஏலத்தில்தான் போகும். ஏலம் எடுத்தது யார் என்று தரகரைக் கேளுங்கள். அதற்குக் காகிதம் காட்டினால் எடுத்துக்கொண்டு சிம்ஸ் பார்க் பக்கம் வாங்க, சேர்ந்து படிக்கலாம். அதுவரை டோக்கன் வேண்டாம்.