காமன் கூத்துக்கு முன்னால் எக்ஸ்32 மிக்சரை அப்டேட் பண்ணலாமா? ஆட்டோமிக்ஸ் நமக்கு உதவுமா?

மஸ்கெலியா சவுண்ட்:
எல்லாருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது பெஹ்ரிங்கர் எக்ஸ்32, கொழும்பில் ஒருவர் பாவித்ததைப் போன வருஷம் வாங்கினோம். அதை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் இன்னும் 2ஆம் பதிப்பு வரிசையில்தான் நிற்கிறது, வாங்கிய நாளிலிருந்து அதில் நாங்கள் கை வைக்கவே இல்லை. எங்கள் தோட்டத்தில், மன்மதன் ரதி கதையை ஆடும் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்ற இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் புதிய ஃபர்ம்வேர் போட்டால் நமக்கு ஏதாவது பிரயோசனம் உண்டா, இல்லை இருப்பதை வைத்தே ஒப்பேற்றிவிட்டுப் பிறகு பார்க்கலாமா?

பிரச்சினையைச் சொல்லிவிடுகிறேன். மன்மதன், ரதி, தூதன், எமன், அப்புறம் பாட்டுக்கு இரண்டு பேர், ஆக ஆறு வயர்லெஸ் ஹெட்செட் மைக். யார் எப்போது வாய் திறப்பார்கள் என்று எழுதிவைத்த கூத்து இல்லை இது, ஆகவே ஆறையும் திறந்தே வைத்தேன், சத்தம் குகைக்குள் பேசுவது மாதிரி வந்தது, கொஞ்சம் ஏற்றினால் கூவத் தொடங்கியது. சரி என்று ஃபேடரைக் கையால் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ரதி அழுது பாடத் தொடங்கும் இடத்தில் என் விரல் ஒரு நொடி பிந்திவிட்டது, முதல் வரி யாருக்கும் கேட்கவில்லை. முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பாட்டிமார் அத்தனை பேரும் திரும்பி மிக்சர் மேசையைப் பார்த்தார்கள். அந்த வரிக்காகத்தான் அவர்கள் பனியில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்கள். இந்த வருஷம் அப்படி நடக்கக்கூடாது.

புதிய ஃபர்ம்வேரில் ஆட்டோமிக்ஸ் என்று ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். அது உண்மையில் என்ன செய்கிறது?

ஹட்டன் லைவ்:
தம்பி, உங்களுக்குத் தேவையானது அதுதான். ஆட்டோமிக்ஸ் என்றதும் மிக்சர் தானாக எல்லாம் கலந்து தரும் என்று நினைக்க வேண்டாம், அது செய்வது ஒரே ஒரு வேலை. குழுவில் உள்ள மைக்குகளில் இந்தக் கணம் எதில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று பார்த்து, மொத்தத்தில் அந்த மைக்கின் பங்கு எவ்வளவோ அவ்வளவுக்கு அதைத் திறக்கிறது. ஒருவர் மட்டும் பேசினால் அவர் மைக் முழுதாகத் திறந்திருக்கும், மற்றவை தாமாகவே இறங்கிவிடும். இரண்டு பேர் ஒரே அளவில் பேசினால் ஆளுக்கு 3 டெசிபெல் குறையும், நாலு பேர் என்றால் 6. கூட்டிப் பார்த்தால் எப்போதும் ஒரு மைக் திறந்திருக்கும் அளவுதான். டான் டூகன் என்ற அமெரிக்கர் 1970களில் உருவாக்கிய முறை இது. யமஹா கியூஎல் மிக்சர்களில் அவர் பெயரிலேயே இருக்கிறது, எக்ஸ்32இல் இருப்பது அதே வழியில் செய்தது.

உங்கள் மைக் ஏன் கூவியது என்பதும் இதே கணக்குதான். திறந்திருக்கும் மைக் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும், கூவாமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபெல் போய்விடும். ஆறு மைக் என்றால் கிட்டத்தட்ட 8 டெசிபெல்லைச் சும்மா இருக்கிற மைக்குகளுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறீர்கள். குகைச் சத்தமும் அங்கிருந்துதான் வருகிறது. ரதியும் மன்மதனும் முகத்துக்கு முகம் நின்று பாடும்போது ரதியின் குரல் அவருடைய மைக்கிலும் விழுகிறது, இரண்டு அடி தள்ளி மன்மதனின் மைக்கிலும் கொஞ்சம் பிந்தி விழுகிறது. இரண்டும் சேரும்போது குரல் கனம் இல்லாமல் மெலிந்துவிடும். ஆட்டோமிக்ஸ் போட்டால் மன்மதனின் மைக் அந்த நேரம் தாழ்ந்திருக்கும், ரதியின் குரல் ஒரே மைக்கில் சுத்தமாக வரும். சத்தம் குறைந்தால் மைக்கை மூடிவிடும் கேட் போட்டால் நடக்கிற மாதிரி முதல் எழுத்து வெட்டுப்படாது, ஏனென்றால் இது எதையும் மூடுவதில்லை, பங்கைத்தான் மாற்றுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். தப்பு மேளம். தப்புக்காரர் ஆடிக்கொண்டே எமன் பக்கத்தில் வந்து அடித்தால், எமனின் மைக்தான் பெரிய சத்தம் என்று அது நினைத்து ரதியின் பங்கையும் அவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். ஆகவே தப்பு, உருமி மைக்குகளை இந்தக் குழுவில் சேர்க்கவே கூடாது. ஹெட்செட் சனல்களில் அடித்தொனியை வெட்டும் லோ கட்டை 150 ஹெர்ட்ஸ் வரை துணிந்து ஏற்றுங்கள். ஒவ்வொரு சனலுக்கும் வெயிட் என்று ஒரு அளவு வைக்கலாம், பாட்டுக்காரர் இரண்டு பேருக்கும் அதைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள். முடிந்தால் தப்புக்காரர்களிடம் நேரே பேசி மேடையின் ஒரு பக்கமாக நிற்கச் சொல்லுங்கள், சொன்னால் கேட்பார்கள்.

பண்டாரவளை பழையவர்:
ஹட்டன் தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் அப்டேட் பற்றி மட்டும் சொல்கிறேன், இதில் நான் அடிபட்டிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பாடசாலைக் கலைவிழா. முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு மிக்சரை அப்டேட் பண்ணினேன், அது உங்களுடையது இல்லை, வேறொரு கம்பனியின் மிக்சர். முன்பு சேமித்த அமைப்பான பழைய சீனைத் திறந்தேன், ஃபேடர்கள் எல்லாம் அதே இடத்துக்கு வந்து நின்றன, நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் தமிழ்த்தாய் வாழ்த்துக்குப் பிள்ளைகள் மேடையில் ஏறி நின்ற பிறகுதான் அவுட்புட் இடம் மாறியிருப்பது தெரிந்தது, மேடையில் நிற்பவர்களுக்கான மொனிட்டருக்குப் போக வேண்டியது கூட்டத்துக்கான மெயினுக்குப் போய்க்கொண்டிருந்தது. கண்டுபிடித்துச் சரி பண்ண இருபது நிமிஷம். சேலை கட்டிய சின்னப் பிள்ளைகள் அந்த இருபது நிமிஷமும் வெயிலில் நின்றார்கள். இன்றைக்கும் எனக்கு அது மனதில் கிடக்கிறது.

ஆகவே தம்பி, மூன்று வாரம் இருக்கிறது என்றால் இந்த வாரமே பண்ணுங்கள், இல்லாவிட்டால் கூத்து முடியும் வரை தொடாதீர்கள். முதலில் இப்போதுள்ள ஷோ முழுவதையும் ஒரு பென் டிரைவில் சேமித்து அதைத் தனியாக எடுத்து வையுங்கள். எந்தச் சத்தம் எங்கே போகிறது என்று காட்டும் ரவுட்டிங் பக்கங்களை ஒன்று விடாமல் ஃபோனில் படம் எடுங்கள், எனக்கு அன்றைக்கு அந்தப் படம் இருந்திருந்தால் இரண்டு நிமிஷ வேலை. ஃபர்ம்வேர் ஃபைலை எஃப்ஏடி32 முறையில் ஃபோர்மட் பண்ணிய வேறொரு பென் டிரைவில், எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியிலேயே வைத்து, மிக்சரின் லொக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவரைப் போட வேண்டும். மற்றதை அது பார்த்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போய்விடக்கூடாது. நம்ம பக்கம் காற்றடித்தால் கம்பியில் மரம் விழும், அது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யுபிஎஸ் இல்லாமல் இதைப் பண்ணாதீர்கள், ஜெனரேட்டரை நம்பியும் பண்ணாதீர்கள்.

முடிந்ததும் ஒவ்வொரு மைக்காகக் குத்தி, ஒவ்வொரு ஸ்பீக்கர் பாக்ஸாகச் சத்தம் விட்டுப் பாருங்கள். கண்ணால் பார்த்தது போதாது, காதால் கேட்க வேண்டும்.

மஸ்கெலியா சவுண்ட்:
அண்ணே, இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. பழையவர் அண்ணே, நானும் முதல் நாள் இரவில் பண்ணலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்னொரு சந்தேகம். ஆட்டோமிக்ஸ் முதல் எட்டு சனலில் மட்டும்தான் வேலை செய்யும் என்று ஒருவர் சொன்னார், அப்படியா? மேடையில் மைக் வயர்களைக் குத்தும் எங்களுடைய ஸ்டேஜ் பாக்ஸில் 1 முதல் 8 வரை தப்பு, உருமி, நாதஸ்வரம். வயர்லெஸ் ரிசீவர் நாலு 9 முதல் 12 வரை, மீதி இரண்டும் வயர் போதாமல் மிக்சருக்குப் பின்னாலேயே குத்தியிருக்கிறோம். எல்லாவற்றையும் கழற்றி மாற்ற வேண்டுமா?

ஹட்டன் லைவ்:
ஆமாம் தம்பி, எக்ஸ்32இல் 1 முதல் 8 வரைதான். ஆனால் ஒரு வயரையும் கழற்ற வேண்டாம். எந்தச் சனலுக்கு எந்த இன்புட் என்பதைச் சனலின் கொன்ஃபிக் பக்கத்திலேயே மாற்றலாம், இது பழைய ஃபர்ம்வேரிலும் உண்டு. சிக்கல் உங்கள் மற்ற இரண்டு ரிசீவரில்தான். முன்பெல்லாம் இன்புட்டுகளை எட்டு எட்டாகத்தான் எடுக்க முடியும், மிக்சருக்குப் பின்னாலுள்ள இரண்டுக்காக எட்டு இடத்தை ஒதுக்க வேண்டும். 4.0 ஃபர்ம்வேரிலிருந்து யூசர் ரவுட்டிங் வந்துவிட்டது, ஸ்டேஜ் பாக்ஸில் நாலு, மிக்சரில் இரண்டு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி நீங்கள் விரும்பிய வரிசையில் அடுக்கலாம். ஆட்டோமிக்ஸை விட எனக்கு இதுதான் பெரிய விஷயம், நம்மிடம் இருக்கிற வயரும் பெட்டியும் ஒருநாளும் எட்டு எட்டாக வருவதில்லை.

தலவாக்கலை ஒலி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஒத்திகை வைப்பார்கள்தானே? உங்கள் மிக்சரில் எக்ஸ்லைவ் என்ற பதிவுக் கார்ட் இருந்தால் ஒத்திகையை 32 சனலிலும் எஸ்டி கார்டில் பதிந்துவிடுங்கள், 32 ஜிபி கார்ட் இரண்டு போட்டால் மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். பிறகு கூத்துக்காரர் யாரும் இல்லாமலே அதைச் சனல்களுக்குள் திருப்பிவிட்டு, ஆட்டோமிக்ஸ் வெயிட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக் கேட்கலாம். தப்பு பக்கத்தில் வந்தால் என்ன ஆகிறது என்பதையும் அதிலேயே பிடித்துவிடலாம். நான் போன தடவை ஒரு தேருக்கு முன்னால் அப்படித்தான் நாலு இரவு உட்கார்ந்து சரி பண்ணினேன்.

கீழ் லயத்துப் பக்கம் தனி பாக்ஸ் வைக்கிறீர்களா? வைத்தால் அந்த அவுட்புட்டுக்கு, சத்தத்தைக் கொஞ்சம் பிந்தி விடும் டிலே போடுங்கள். மேடையிலிருந்து 50 மீற்றர் என்றால், இரவுக் குளிரில் 148 மில்லி செக்கன் அளவில் வரும்.

மஸ்கெலியா சவுண்ட்:
கார்ட் இருக்கிறது அண்ணே, இதுவரை பாவித்ததில்லை. கீழ் லயத்தில் இரண்டு பாக்ஸ் உண்டு, போன வருஷம் அங்கே இரட்டையாகக் கேட்கிறது என்று சொன்னார்கள், இப்போது காரணம் புரிகிறது. இந்த ஞாயிறு பகலில் தோட்டத்து ஸ்டாஃப் ஒருவரிடம் யுபிஎஸ் வாங்கி அப்டேட் போடுகிறேன். புதன்கிழமை ஒத்திகை. ரதிக்கு வேஷம் போடுகிற தம்பியை அரை மணி நேரம் முந்தி வரச் சொல்லியிருக்கிறேன், அந்த முதல் வரியை மட்டும் பத்துத் தடவை பாட வைத்துப் பதிந்துகொண்டு இங்கே வந்து சொல்கிறேன்.