சித்தப்பா 60 – திருக்கடையூர் குரூப்

திவ்யா: கார்த்திண்ணா, பென்டிரைவ்ல போட்ட கல்யாண வீடியோ மண்டபத்து டிவில ஓடல 😭

கார்த்தி: நாலு டிவிடியையும் அப்படியே காப்பி பண்ணிருக்கே. அது விஓபி, டிவிடியோட ஃபைல் வகை, உள்ள எம்பெக்-2ங்கற பழைய வீடியோ முறை. எச்.264 முறையில எம்பி4 ஃபைலா ஆக்கணும்

ராமு மாமா: வேன் எத்தனை மணிக்கு

கார்த்தி: லேப்டாப்ல எஃப்எஃப்எம்பெக் இறக்கு, வீடியோ மாத்தற புரோகிராம். டிஸ்க்குக்கு ஒரு ஃபோல்டர். எல்லாத்துலயும் ஒரே பேரு, ஒண்ணா கொட்டினா ஒண்ணு மேல ஒண்ணு அழிஞ்சுடும். பேரு 01_0னு முடியறது மெனு, விட்டுடு. 01_1, 01_2 எல்லாம் ஒரே படம், 1 ஜிபிக்கு ஒண்ணா துண்டு போட்டது. விண்டோஸ் காப்பி கமாண்ட்ல சாய்கோடு பி (/b) போட்டு, நடுவுல கூட்டல் குறி வெச்சு ஒட்டு. பி-யை விட்டா டெக்ஸ்ட்னு நெனச்சு பாதியிலயே நின்னுடும்

செல்வி அத்தை: மாலை ரெண்டு செட் போதுமா?

கார்த்தி: ஒட்டின நாலையும் ஒரே இடத்துல வெச்சு ஃபார் லூப், ஒண்ணொண்ணா தானே மாத்திடும். கமாண்டை பேட்ச் ஃபைல்ல எழுதி வெச்சா சதவீதக் குறி ரெண்டு, நேரா அடிச்சா ஒண்ணு. வீடியோவுக்கு எக்ஸ்264, தரத்துக்கு சிஆர்எஃப் 20, ஆடியோ ஏஏசி 192கே. யாடிஃப் ஃபில்டர் கண்டிப்பா போடு, இல்லேன்னா கை அசையற இடமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு. அப்புறம் ஸ்கேல் 768:576, எஸ்ஏஆர் (பிக்சலோட அகல-உயர விகிதம்) 1. டிவிடில அகலம் 720தான், சில டிவி அதை அப்படியே காட்டி ஆளை ஒல்லியாக்கிடும்

செல்வி அத்தை: அண்ணன் ஒல்லியாவே தெரியட்டும் விடு 😂

கார்த்தி: முதல்ல 30 செகண்ட் மட்டும் மாத்தி மண்டபத்துல போட்டுப் பாரு

பெரியப்பா: 3வது டிஸ்கில் பந்தி வரும். அது வேண்டாம்.

ராமு மாமா: ஏன்? யாரு சாப்பிடாம எழுந்து போனாங்கன்னு எல்லாரும் பாக்கட்டுமே

திவ்யா: மாமா 🙏

கார்த்தி: வெட்டணும்னா இப்பவே சொல்லுங்க. எம்பி4 ஆனப்புறம் காப்பி மோட்ல, திரும்ப மாத்தாம வெட்டினா, கீஃப்ரேம்லதான் (முழுப் படமா பதிவான ஃப்ரேம்) வெட்டும். எக்ஸ்264 அதை 250 ஃப்ரேம் வரைக்கும் தள்ளிப்போடும், நமக்கு 25 ஃப்ரேம் வீதம், 10 செகண்ட். சண்டையோட வால் தெரியும். மாத்தும்போதே வெட்டினா துல்லியம்

செல்வி அத்தை: அதுல அம்மா பரிமாறுவாங்களே. அம்மா இருக்கிற ஒரே வீடியோ அது

திவ்யா: டி1 (முதல் டிஸ்க்) முடிஞ்சது, 1.4 ஜிபி. குரூப்ல போடவா?

கார்த்தி: வீடியோவா போட்டா வாட்ஸ்அப் நசுக்கிடும். டாக்குமென்ட்டா அனுப்பு, 2 ஜிபி வரை போகும்

ராமு மாமா: வேன்??

திவ்யா: டி2-வும் ஆச்சு. டி3 வெட்டவா வேண்டாமா, யாராவது சொல்லுங்க

பெரியப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

ராமு மாமா: படிச்சுட்டேன் அத்தான்