புதுப்பிப்பு: பீனோவுக்கு மாறியதும் லாகில் விவரம் காணாமல் போனது (தீர்ந்தது)

உதவிய எல்லோருக்கும் நன்றி. நோட்.ஜேஎஸ் சர்வருக்காக நானே எழுதிய லாக் ராப்பரில் (லாக் லைப்ரரியைச் சுற்றி எழுதிய சிறு கோட்) வின்ஸ்டனை எடுத்துவிட்டு பீனோவைப் போட்டதும் (இரண்டுமே லாக் எழுதும் லைப்ரரிகள்), செய்தி மட்டும் வருகிறது, கூட அனுப்பும் யூசர் ஐடி வரவில்லை என்று கேட்டிருந்தேன்.

"ஆர்க்யுமென்ட் வரிசையைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் சரி. வின்ஸ்டனில் முதலில் செய்தி, அப்புறம் ஆப்ஜெக்ட் (யூசர் ஐடி போன்ற விவரங்கள் இதில்தான் போகும்). பீனோவில் ஆப்ஜெக்ட்தான் முதலில். மாற்றிக் கொடுத்தால், செய்திக்குள் அதற்கான குறி (%o போன்றது) இல்லாதபட்சத்தில், ஆப்ஜெக்ட்டை சத்தமில்லாமல் விட்டுவிடும். ஒரு எச்சரிக்கைகூட வராது! ராப்பருக்குள் பீனோவை அழைக்கும் பகுதியான அடாப்டரில் மட்டும் வரிசையைத் திருப்பினேன். அழைக்கும் இடங்களில் கை வைக்கவில்லை.

எதிர்பாராதது ஒன்று: ஆப்ஜெக்ட்டுக்குள் 'எரர்' என்ற கீயில் (பெயரில்) போட்ட பிழைகள் வெறும் {} என்று வந்தன. பீனோ தானாக விரித்து எழுதுவது ஈ-ஆர்-ஆர் என்ற மூன்றெழுத்துக் கீயைத்தான். பெயரை மாற்றியதும் ஸ்டாக் (பிழை எந்தெந்த வரிகள் வழியாக வந்தது என்ற பட்டியல்) முழுசாக வந்தது.