வழியுரிமையா, விலகும் கடமையா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம். பாய்மரப் படகோட்டக் கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். பாய்ப்படகும் எந்திரப்படகும் மோதும்படி நெருங்கினால் எது விலகவேண்டும் என்று கூறும் பகுதிக்கு 'வழியுரிமை' எனத் தலைப்பிட்டிருந்தேன். 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகளை மறுபடி படித்தபோது அது பிழையென்று பட்டது. அவை பாய்ப்படகுக்கு உரிமை எதையும் வழங்கவில்லை. ஒரு கலத்துக்கு விலகும் கடமையையும், மற்றதற்குத் திசையும் வேகமும் மாறாமல் செல்லும் கடமையையும் விதிக்கின்றன. இவற்றை 'ஒதுங்குகலம்', 'நிலைகலம்' எனலாமா?

மடல் 2

ஐயா, 'நிலைகலம்' என்றால் நங்கூரமிட்டு நிற்பதென்றே மாணவர் கொள்வர். 'ஒதுங்குகலம்' அதனினும் தீது. கப்பல் கரை ஒதுங்கியது என்று செய்தித்தாளில் நாள்தோறும் படிக்கிறோம். 'விலகுகலம்' என்க. வினைத்தொகையாதலால் முக்காலமும் அதில் அடங்கும். பாய்ப்படகையும் 'வளிக்கலம்' என்றே வழங்கலாம். 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்பது புறநானூறு. எந்திரப்படகுக்குத்தான் 'விசைப்படகு' இருக்கிறதே.

மடல் 3

முக்காலமும் அடங்கும், 'விலகவேண்டிய' என்னும் கடமை அடங்காதே, அம்மா. சொல் அழகுக்காக இதைப் பொறுத்துக்கொள்ளலாம், 'விசைப்படகை' ஏற்கமுடியாது. நம் கடற்கரையில் அச்சொல் இழுவலை போடும் படகையே குறிக்கும். வலையிழுத்துக்கொண்டிருக்கும் படகுக்குப் பாய்ப்படகுதான் விலகவேண்டும் என்பது 18ஆம் விதி. கையேட்டில் 'விசைப்படகு விலகும்' என்று அச்சிட்டால், அதைப் படித்த பையன் நேரே வலைக்குள் பாய்விரித்துச் செல்வான். 'எந்திரக்கலம்' என்பதே தக்கது. பாய் விரித்திருந்தாலும் எந்திரத்தால் ஓடுகிற படகு அப்பெயருக்குள் வந்துவிடும். 'வளிக்கலம்' என்றால் வளியுருளையைத்தான் நினைப்பார்கள். விலகுவதை, பேருந்து ஓட்டுநருக்கும் விளங்கும்படி 'வழிவிடுகலம்' என்போம்.

மடல் 4

நன்றி. பெரும்பான்மையோர் கருத்துப்படி விலகவேண்டியதை 'வழிவிடுகலம்' என்றும், 'நிலைகலம்' என்றதைப் 'போக்குமாறாக் கலம்' என்றுமே அனுப்புகிறேன். முந்திச்செல்லும் கலம் பாய்ப்படகே ஆனாலும் முந்தப்படுவதற்கு வழிவிடவேண்டும் என்ற 13ஆம் விதியிலும் இச்சொற்கள் இடறவில்லை.

மடல் 5

அனுப்பியாயிற்று என்றாலும் என் மறுப்பைப் பதிந்துவைக்கிறேன். வழிவிடுகலம் மட்டும் முயன்று மோதலைத் தவிர்க்க இயலாத அளவுக்கு நெருங்கிவிட்டால், மற்றதும் திசையையோ வேகத்தையோ மாற்றித் தவிர்க்க உதவியே ஆகவேண்டும் என்கிறது 17ஆம் விதி. 'மாறா' என்னும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் அதற்கு எங்கே இடம் தருகிறது?