‘உதிர்பருவம்’, ‘வடிபட்டம்’: ஆற்றோர மரங்களுக்கு இரண்டு சொற்கள்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

நம் சொற்பட்டியலுக்காக, ஆற்றோர மரங்கள் விதையை விடும் காலத்துக்குப் பாலக்கோட்டு நண்பர் ‘விதை வெளியீட்டுக் காலம்’ என்றும், ஒசூர் அம்மையார் ‘விதையுதிர் பருவம்’ என்றும் எழுதியிருந்ததைப் படித்தேன். அம்மையாரின் சொல்லே எனக்கு உவப்பானது. வெளியீடு என்றால் புத்தக விழாதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒரு சொல்லைத் தேடுவதாக எண்ணிக்கொண்டு இரண்டு கருத்துகளை ஒரே முடிச்சில் கட்டிவைத்திருக்கிறோம் என்பதே என் எண்ணம்.

நம் பக்கத்து மரங்களிலிருந்தே தொடங்கலாம். ஒகேனக்கல் பகுதியில் காவிரிக்கரையில் நிற்கும் நீர்மருதின் காய், கெட்டியான ஐந்து இறகுகள் நீளவாக்கில் புடைத்திருக்க, பெரும்பாலும் மாசி முதல் வைகாசி வரை முற்றி உதிர்கிறது. அப்போது ஆற்றில் தண்ணீர் குறைவு. மணலிலும் பாறை இடுக்கிலும் கிடக்கும் காயைக் குடகில் மழை பிடித்த பிறகு வரும் புதுவெள்ளம் அள்ளிக்கொண்டு போகும். விதை பல மாதம் உயிரோடு இருப்பதால் இந்தக் காத்திருப்பு மருதுக்கு ஒரு பொருட்டல்ல. நாவல் அப்படியன்று. ஆனி, ஆடியில் பழுத்து விழும் அதன் விதை ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முளைப்புத்திறனை இழந்துவிடும். ஆகவே ஈரமுள்ள நாள்களிலேயே அது விழுந்தாக வேண்டும்.

இவற்றுக்கு மறுகோடியில் இருப்பவை வட அமெரிக்க ஆற்றங்கரைகளின் பாப்லர், வில்லோ மரங்கள். (வில்லோவின் உறவான ஆற்றுப்பாலை தமிழகத்திலும் உண்டு.) பஞ்சு ஒட்டிய அவற்றின் நுண்விதைகள் சில வாரங்களே பிழைத்திருக்கும், நனைந்துவிட்டால் ஓரிரு நாளில் முளைத்தாக வேண்டும். பனி உருகி வரும் வெள்ளம் உச்சம் தொட்டு இறங்கும்போது உதிரும் விதைக்கு, நீர் விட்டுச்சென்ற புது வண்டல், போட்டிக்கு ஒரு புல்கூட இல்லாமல் கிடைக்கும். முந்தினால் வெள்ளம் அடித்துச் செல்லும். பிந்தினால் கரை காய்ந்திருக்கும். முளைத்த பிறகும் பாடு தீர்வதில்லை, கீழே இறங்கிக்கொண்டே போகும் ஈரத்தை வேர் எட்டிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கனடாவின் ஜான் மஹோனியும் ஸ்டூவர்ட் ரூட்டும் 1998-இல் வெளியிட்ட கணக்குப்படி, நீர்மட்டம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டருக்கு மேல் இறங்காதிருந்தால்தான் பாப்லர் நாற்று தப்பும்.

எனவே முதற்கருத்து, மரம் உதிர்க்கும் நாள்கள். இது மரத்தைச் சேர்ந்தது. இதற்கு ‘உதிர்பருவம்’ போதும் என்பேன்; முன்னால் ‘விதை’ வேண்டாம், ஏனெனில் மருதும் புங்கும் காயாகவே உதிர்கின்றன. வெடித்துப் பஞ்சாய்ப் பறக்கும் பாப்லருக்கு ‘உதிர்’ சற்றுத் தளர்வான பொருத்தம்தான் என்றாலும் தள்ளத்தக்க அளவு குறையன்று.

இரண்டாம் கருத்து, உதிர்பருவமும் வெள்ளம் வடிவதும் ஒன்றுகூடி, முளைத்தது நிலைக்கக்கூடிய சில நாள்கள். இது மரத்துக்கும் ஆற்றுக்கும் பொது. இதற்கு ‘வடிபட்டம்’ என்று முன்மொழிகிறேன். கேழ்வரகும் நிலக்கடலையும் விதைக்கும் நம் மாவட்டங்களில், விதைப்புக்கு ஏற்ற காலமே பட்டம் என்று விளக்கத் தேவையில்லை. இதற்கும் ‘பருவம்’ என்றே வைக்கலாமே, பருவம் தப்பிய மழை என்றும் சொல்கிறோமே எனலாம். அங்கே தப்புவது மழை, பட்டம் தப்பினால் போவது விதைத்தவன் வெள்ளாமை. நமக்கு வேண்டிய பொருள் பின்னதே. வடிபட்டம் ஊறுகாய் போல வினைத்தொகை. இடையில் ஒற்று மிகாது.

பட்டம் பார்த்து விதைப்பவன் உழவன், மரம் பார்க்குமா என்று நண்பர் கேட்கக்கூடும். பார்க்காது. பட்டம் தவறி உதிர்த்த மரங்களுக்குச் சந்ததி குறைந்தது, பொருந்தி உதிர்த்தவற்றின் வழி பெருகியது, அவ்வளவே. பல்கலைக்கழகப் பட்டத்தோடும் காற்றில் விடும் பட்டத்தோடும் குழப்பம் வரும் என்ற அச்சம் எனக்கில்லை; ஆடிப்பட்டம் என்று கேட்டு எவரும் வானத்தைப் பார்ப்பதில்லை.

இரண்டு சொல்லும் தேவைதானா என்பதற்கு அணையே சான்று. மதகை ஒரேயடியாக அடைத்தால் உதிர்பருவம் மாறுவதில்லை, வடிபட்டம்தான் குறுகிப்போகிறது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை எழுத முடியாது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துச் செயின்ட் மேரி ஆற்றில் 1995 வெள்ளத்துக்குப் பின் அணைநீரைப் படிப்படியாகக் குறைத்தபோது பாப்லர் நாற்றுகள் ஏராளமாக நிலைத்தன. காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் இன்று எத்தனை கனஅடி என்று செய்தியில் படிக்கும் நாம் பெரும்பாலும் தண்ணீர் ஏறுவதையே பார்க்கிறோம். தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதையும் ‘வடிபட்டம்’ என்ற சொல் பார்க்கவைக்கும்.

ஆகவே சொற்பட்டியலில் உதிர்பருவத்தைப் பொதுச்சொல்லாகவும், வடிபட்டத்தை வெள்ளம் வடிவதை நம்பி முளைக்கும் மரங்களுக்கு மட்டும் உரியதாகவும் பதியலாம். மருதுக்கும் நாவலுக்கும் அதை நீட்ட வேண்டாம். தென்பெண்ணைக் கரை உழவர் வழக்கில் வெள்ளம் இறங்கும் நாள்களுக்குத் தனிச்சொல் ஏதும் இருந்தால் ஒசூர் அம்மையார் எழுதும்படி வேண்டுகிறேன். அது பொருந்துமானால் ‘வடி’ என்ற முன்பகுதியை விட்டுவிட எனக்குத் தடையில்லை. ‘பட்டம்’ மட்டும் இருக்கட்டும்.